நிழலில் விரித்த புல்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த மூன்றாம் நாள், அவரைச் சேலத்து ஆஸ்பத்திரியில் மகளிடம் விட்டுவிட்டு நான் மட்டும் ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். காப்பீட்டு அட்டை வீட்டு அலமாரியில் இருந்தது. அதையும் மாற்றுக் கைலி இரண்டையும் எடுத்துக்கொண்டு மதியம் பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். டாக்டர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் போகட்டும், பார்க்கலாம் என்றார். அந்த இரண்டு மூன்று நாளில் எதுவும் நடக்கலாம் என்பது எங்களுக்குப் புரிந்தே இருந்தது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது.

அவர் விழுந்த அன்று, விடியற்காலைச் சுபுஹு தொழுதுவிட்டு, முசல்லாவை மடிக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். தொழுகைக்கு விரிக்கிற அந்தத் துணியின் ஒரு முனை மட்டும் மடங்கியிருந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் அது தரையிலேயே கிடந்தது.

ஊருக்குள் நுழையும் ரோட்டோரம் நாங்கள் நர்சரி வைத்திருந்தோம். முன்னால் செடிகள், பின்னால் வீடு. நான் ஐந்தாவது வரை படித்தவள். செடிகளுக்கு மாட்டும் அட்டைகளில் பேர் எழுதுவது என் வேலை. தண்ணீர் விடுவேன், தொட்டிக்கு மண் கலப்பேன். ஆட்கள் வந்து நின்றால் உள்ளே போய்விடுவேன். விலை கேட்டால்கூட, "அவரு வந்துருவாருங்க" என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது. நாற்பது வருஷம் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே ஓட்டிவிட்டேன் என்று அவர் கேலி செய்வார்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எங்கள் வாசலில் லாரி நிற்பது தெரிந்தது. சித்திரை வெயில். மலைக்கு மேலேயே அன்று காற்று அசையவில்லை. டிரைவர் எங்கள் மல்லிகைப் பந்தலின் கீழே துண்டை உதறிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்கம்மா, போன் போட்டுப் போட்டு வெரலே தேஞ்சு போச்சுங்க. பாய் எங்க போயிட்டாரு?"

"ஆஸ்பத்திரியில" என்றேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லாரியின் பின்கதவைத் திறந்தார்.

லாரியில் இருந்தது கார்பெட் புல். முந்தின நாள் சாயங்காலம் மலைக்குக் கீழே ஒரு பண்ணையில் மண்ணோடு சீவி எடுத்தது. வாசல் மிதியடி அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வாழவந்தி போகும் வழியில் வயதானவர்கள் தங்குவதற்கு ஒரு இல்லம் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அதன் முன்னால் புல்தரை போட்டுத் தருவதாக இவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு முன் நாங்கள் புல் வேலை எடுத்ததில்லை. பண்ணைக்கே போய் ஒரு பகல் முழுக்க இருந்து கற்றுக்கொண்டு வந்தார். வந்தவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எந்திரிச்சு நடக்க முடியாதவங்க சன்னல் வழியா பாக்கறதுக்குக் கொஞ்சம் பச்சை வேணும்னு கேட்டாங்க. போட்டுக் குடுத்தா நமக்கும் நன்மைதான்."

இல்லத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். மண்ணைக் கொத்திப் போட்டது போட்டபடி கிடக்கிறது, சமன் செய்ய இரண்டு நாளாகும், ஆட்களை அனுப்பிப் புல்லை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், பாயைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் அந்த இரண்டு நாளைக்குப் புல்லை என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவருக்குப் பேச்சு இல்லை.

அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கீழேயிருந்து வரும் நாற்றுகளை நாங்கள் நெருக்கமாக வைத்து, நன்றாக நனைத்து, வெயில் படாமல் மூடிவிடுவோம். நாற்றுக்கு அது சரி. லாரிக்காரர்களைக் கொண்டு கொட்டகைக்குள் இடுப்பு உயரத்துக்குப் புல்லை அடுக்கச் சொன்னேன். குழாயைத் திருப்பி அடுக்கு முழுக்கத் தண்ணீர் விட்டேன். மேலே நீலத் தார்ப்பாயைப் போர்த்தி நாலு பக்கமும் கல் வைத்தேன். காற்றுகூடப் புகாதபடி செய்தேன். அதுதான் நல்லது என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் போனதும் முசல்லா கண்ணில் பட்டது. மடித்து வைக்கலாம் என்று குனிந்தேன். அந்த மடங்கிய முனை அவர் கடைசியாகத் தொட்டது. கை வரவில்லை. அதைச் சுற்றிப் போய் அலமாரியைத் திறந்தேன். அட்டை உடனே கிடைக்கவில்லை. விதைப் பொட்டலங்களுக்கு அடியில், அவர் வைக்கும் இடத்தில்தான் இருந்தது. தேடி எடுப்பதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பஸ்ஸுக்கு அரை மணி இருந்தது. மதியத் தொழுகையான லுஹரை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று, கொட்டகைப் பக்கத்துக் குழாயில் கை கால் கழுவி ஒளு செய்யப் போனேன். கொட்டகைக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. காப்பிப் பழத்தைத் தோலுரித்துக் குவித்தால் மறுநாள் வருமே, புளித்த வாடை, அதன் இளம் வாடை. தார்ப்பாயைத் தூக்கினேன். மேலே இருந்த புல் பச்சையாகத்தான் இருந்தது. நடு அடுக்குக்குள் கையை நுழைத்தேன்.

சுட்டது. காய்ச்சல்காரர் அக்குளில் கை வைத்தால் இருக்குமே, அந்தச் சூடு. வெயிலே படாத இடத்தில் அவ்வளவு சூடு எப்படி வந்தது என்று ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. காப்பித் தோல் குவியல் தானாகவே சூடேறும். சாணக் குவியல் ஏறும். புல்லும் உயிருள்ளது, நெருக்கி மூடினால் தன் மூச்சிலேயே அவியும். வெயிலுக்குப் பயந்து, நானே அதை அடுப்பில் ஏற்றியிருந்தேன்.

கை உள்ளே இருக்கும்போதே போன் அடித்தது. மகள்.

"அம்மா, பஸ் ஏறிட்டியா?"

"இன்னும் அரை மணி இருக்குது கண்ணு."

"அத்தா காலையில இருந்து எடது கையை ஆட்டிக்கிட்டே இருக்காங்கம்மா. உள்ளங்கையக் கீழ வெச்சு, இழுத்து இழுத்து விரிக்கறாங்க. தண்ணி வேணுமான்னா இல்லன்னு தலையாட்டறாங்க. போர்வைய நீவி விட்டாலும் நிக்க மாட்டேங்குது. உன் மாப்பிள்ளைதான் கண்டுபிடிச்சாரு, முசல்லா விரிக்கச் சொல்றாங்கன்னு. அன்னைக்குத் தொழுத எடத்துலதானே விழுந்தாங்க. நானும் கட்டிலுக்குப் பக்கத்துல விரிச்சிட்டேன். அதைப் பாத்துட்டு அத்தா கண்ணுல தண்ணியா கொட்டுது." அவள் குரல் உடைந்தது. "நேரம் வந்துருச்சுன்னு அவங்களுக்கே தெரியுதும்மா. நீ வந்துரு."

ஆனாலும் கேட்டேன். "கையை எப்படி வைக்கறாங்க? ஒரே எடத்துலயா, தள்ளித் தள்ளியா?"

"தள்ளித் தள்ளித்தான். ஒண்ணு வெச்சுட்டு, அதுக்குப் பக்கத்துல ஒண்ணு, அப்பறம் கீழ ஒண்ணு. ஏம்மா?"

என் கை இன்னும் அந்தச் சூட்டுக்குள்ளேயே இருந்தது.

"புல்லு வந்திருக்குது கண்ணு. அத்தா அதைத்தான் சொல்றாங்க. பிரிச்சுப் போடச் சொல்றாங்க."

அவள் மெதுவாகச் சொன்னாள். "அத்தா முசல்லா கேக்கறாங்க. நீ புல்லுங்கற. அப்படியே இருந்தாலும் போனாப் போகுதும்மா புல்லு. அத்தா போயிட்டா திரும்பி வருவாங்களா?"

போனை வைத்துவிட்டாள்.

அவள் கேட்டதில் தப்பு இல்லை. அந்தக் கொட்டகையில் நின்று நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன். இந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. அதற்குள் அவர் மௌத்தாகிவிட்டால், புருஷன் கடைசி மூச்சு விடும்போது புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வது கிடக்கட்டும், நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் அவர் கேட்டது இதுதான் என்றால், பேச்சுப் போன மனிதர் இந்த மூன்று நாளில் ஒரே ஒரு வேலையைச் சொல்கிறார், அதையும் செய்யாமல் போய் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவர் கையை நான்தான் படிக்க வேண்டும். படித்தது சரியா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போகும் சத்தம் கேட்டது. நான் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பிரித்துப் போட இடம் வேண்டும். எங்கள் பச்சை வலைக்குக் கீழே செடிகள் இடைவெளி இல்லாமல் நின்றன. முன்வாசல் முழுக்க வெயில். ரோட்டுக்கு எதிரே காப்பி எஸ்டேட். கேட்டுக்குள்ளே வண்டிப்பாதை, அதன் இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள். பாதை முழுக்க நிழல், நீளமாக, ஆளில்லாமல் கிடந்தது. நாற்பது வருஷமாகத் தினமும் பார்த்த நிழல். ஆனால் அந்தக் கேட்டுக்குள் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், கேட்டை ஒட்டிய ஆபீஸில் மேஜை முன் உட்கார்ந்து மிளகு மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் கடைக்கு வருவார், போவார். நான் அவரிடம் பேசியதில்லை. முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அவராக நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க பாயம்மா. பாய்க்கு எப்படி இருக்குதுங்க?"

"அப்படியேதானுங்க." பிறகு வரவேண்டிய வார்த்தை வரவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார். "நிழல் வேணுமுங்க" என்றேன்.

"நிழலுங்களா?"

"புல்லுக்கு. அடுக்குல வெந்துக்கிட்டு இருக்குதுங்க. உங்க பாதையில ரெண்டு நாளைக்கு விரிச்சுக்கறேனுங்க. இலையக் கூட்டிட்டு விரிக்கறேன். எடுத்த பொறகு கூட்டிக் குடுத்துடறேன்."

அவர் என்னையே பார்த்தார். "நீங்க இத்தனை பேசுவீங்கன்னு பாய் சொல்லவே இல்லீங்களே" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, மிளகு பறித்து முடித்துவிட்டு மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டார். நாலு பேர். கொட்டச்சேட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள்.

அவர்களில் மூத்தவள் வாயை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். கொட்டகையில் புல்லைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க ரைட்டரு, காட்டுல புல்லு மொளச்சா கூலி குடுத்துப் புடுங்கச் சொல்றீங்க. இங்க புல்லத் தூக்கிட்டு வந்து நெழல்ல படுக்க வெக்கச் சொல்றீங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியலீங்க."

"உனக்குப் புரிஞ்சு என்ன ஆவப்போகுது. தூக்கு."

"தூக்கறேன். எங்க ஊட்டு ஆடு மட்டும் இந்தப் பக்கம் வந்துச்சுன்னா நான் பொறுப்பு இல்லீங்க, இப்பவே சொல்லிப் போட்டேன்."

பேசிக்கொண்டேதான் வேலை செய்தாள். ஆனால் அடுக்கின் நடுவிலிருந்து முதல் துண்டைக் கையில் வாங்கியதும் பேச்சை நிறுத்தினாள். "நொம்பச் சுடுதுங்கம்மா" என்றாள். துண்டைக் கீழே போடாமல், பிள்ளையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகு ஒருவரும் கேலி பேசவில்லை.

நான் முன்னால் போய்ச் சருகைக் கூட்டினேன். அவர்கள் கொண்டுவரக் கொண்டுவர, புல் மேலே இருக்கும்படி ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தேன். நடு அடுக்கில் இருந்தவை மஞ்சளாகிவிட்டன. சிலது தொட்டால் வழுவழுவென்று வந்தது. அவற்றைத் தனியாக, காற்று நன்றாக வரும் மேட்டில் வைத்தேன். குனிந்து ஒரு துண்டை வைப்பேன், உள்ளங்கையால் அழுத்துவேன், கொஞ்சம் தள்ளி அடுத்ததை வைப்பேன். இருபது முப்பது துண்டு வைத்த பிறகுதான் கவனித்தேன். என் கை செய்வதும் மகள் போனில் சொன்னதும் ஒன்றாக இருந்தது. மனசு கொஞ்சம் நிலைத்தது. அடுத்த நிமிஷமே, பள்ளிவாசலில் முசல்லாவை வரிசை வரிசையாக விரிப்பதும் இப்படித்தானே என்று தோன்றியது. மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. வாய்க்குள் ஓதிக்கொண்டே வைத்தேன். லுஹர் போய்விட்டது. சாயங்காலத் தொழுகையான அஸருக்கும் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். கையை எடுக்கவில்லை.

விரித்து முடித்ததும் பூவாளியால் லேசாகத் தெளித்தேன். இந்த முறை ஊற்றவில்லை. ஓரமாக இருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இறங்கியிருந்தது.

"சாயங்காலமும் காலையிலயும் தெளிக்கறது என் பொறுப்புங்க" என்றார் ரைட்டர். "நீங்க பஸ்ஸப் புடிங்க."

மூத்தவள் என் கையைப் பார்த்தாள். "கையைக் கழுவிட்டுப் போங்கம்மா."

கழுவ நேரமில்லை. பஸ் வந்துவிட்டது.

இருபது வளைவிலும் கீழே இறங்க இறங்க அனல் ஏறியது. மடியில் அட்டையும் கைலியும் இருந்த பை. அதன் மேல் மண் காய்ந்த கை. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அது அடிக்கக் கூடாது என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டேன். அடிக்கவில்லை.

வார்டு வாசலில் மாப்பிள்ளை நின்றார். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் மகளுடைய முசல்லா விரிந்து கிடந்தது. மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கண் திறந்திருந்தது. இடது கை போர்வையின் மேல் வைத்து, இழுத்து, தள்ளி வைத்துக்கொண்டிருந்தது. களைத்துப்போய், மெதுவாக, ஆனால் நிற்காமல்.

நான் குனிந்து அவர் காதருகில் சொன்னேன். "புல்லப் பிரிச்சுப் போட்டாச்சுங்க. எஸ்டேட்டு மரத்தடியில கெடக்குது. சூடு எறங்கிருச்சு. நான் மொதல்ல தப்பாத்தான் அடுக்கி மூடிட்டேன். நடுவுல கொஞ்சம் மஞ்சளாயிருச்சு. மத்ததெல்லாம் நல்லா இருக்குது."

அவர் கண் என் பக்கம் திரும்பியது. இடது கை போர்வையை விட்டு வந்து என் கையைப் பிடித்தது. விரலால் என் உள்ளங்கை மண்ணைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கும்போது செடிக்காரர்கள் செய்வது அது. பிறகு கை நின்றது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.

மகள் முசல்லாவை மடிக்கக் கை நீட்டினாள். "இருக்கட்டும் கண்ணு" என்றேன். கையும் காலும் கழுவிக்கொண்டு வந்து, விட்டுப்போன லுஹரையும் அஸரையும் அதில் நின்று தொழுது களாச் செய்தேன். நான் முடிக்கும்வரை அவள் எனக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

அவர் அந்த வாரம் போகவில்லை. இல்லத்து ஆட்கள் மூன்றாம் நாள் வந்து புல்லை எடுத்துக்கொண்டு போய்ப் பதித்தார்கள். எஸ்டேட் பாதையை மூத்தவளே கூட்டிவிட்டாளாம். ஒரு மாதம் கழித்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பேச்சு திரும்பவில்லை. பாதி மடங்கிக் கிடந்த முசல்லாவை அவர் வரும் அன்று காலைதான் எடுத்துத் துவைத்துப் போட்டேன்.

ஒரு நாள் ஆட்டோ வைத்து அவரை இல்லத்துக்கு அழைத்துப் போனேன். புல்தரையில் மேற்குச் சன்னலுக்குக் கீழே கொஞ்ச தூரம் மட்டும் வெளிறியிருந்தது. அந்த நடு அடுக்குத் துண்டுகள். அவர் அதை உடனே கண்டுபிடித்துவிட்டார். ஆட்டோக்காரரும் நானும் தாங்கிப் பிடிக்க, அங்கே போய் உட்கார்ந்து, வெளிறிய துண்டு ஒன்றின் ஓரத்தை இடது கையால் பிடித்து இழுத்தார். வேர் இறங்காத துண்டு என்றால் தட்டைப் போலத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். இது வரவில்லை. இன்னொன்றையும் இழுத்துப் பார்த்தார். அதுவும் வரவில்லை. சன்னலுக்கு உள்ளே ஒரு வயதானவர் எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது கேட்டேன். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க புல்லத்தானே சொன்னீங்க?"

தலையாட்டினார்.

மனசு கேட்கவில்லை. "இல்ல முசல்லாவா?"

அதற்கும் தலையாட்டினார். எது கேட்டாலும் தலையாட்டுகிற காலம் அது. சோறு வேண்டுமா என்றாலும் ஆட்டுவார், வேண்டாமா என்றாலும் ஆட்டுவார்.

அந்த வருஷ ஐப்பசி மழையில் அவர் மௌத்தானார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம் மகள் சொன்னாள், பேச்சு நின்ற பிறகும் அத்தா கையாலேயே முசல்லா கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது புல்லாகவும் இருக்கலாம் என்று நான் முன்பு சொல்லிக் கேட்டிருந்த ரைட்டரும் அங்கே நின்றிருந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். நான் புல்லைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. மகள் பேசி முடித்ததும் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.